மதிலுக்கு அந்தப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

நகராட்சியில் கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கும் மேசையில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். வணிகக் கட்டட அனுமதி பற்றிக் கேட்கலாம் என்று போன இதழில் ஆசிரியர் ஒரு வரி போட்டார். ஒரு கட்டுக் கடிதம் வந்துவிட்டது. பாதி புலம்பல், கால்வாசி திட்டு, மீதியில்தான் கேள்வி. சட்டப் பிரிவு எண் கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். விதி ஊருக்கு ஊர் மாறும். அதை உங்கள் ஊர் விதிப்புத்தகத்தில்தான் பார்க்க வேண்டும். தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடுவதும், லாரிக்குத் திரும்ப இடம் வேண்டியிருப்பதும் எந்த ஊரிலும் மாறாது. அந்த மாதிரி விஷயங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு ஒட்டினாற்போல் இருக்கும் காலி மனையில் நான்கு மாடி வணிக வளாகம் கட்டப்போகிறார்களாம். ஆட்சேபணை இருந்தால் எழுதித் தரும்படி நகராட்சியிலிருந்து அறிவிப்பு வந்திருக்கிறது. தெருவில் 180 பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டோம். ‘எங்கள் தெருவின் அமைதி கெட்டுவிடும், ஆகவே அனுமதிக்கக் கூடாது’ என்று எழுதியிருக்கிறோம். இது நிற்குமா?

பதில்: நிற்காது அம்மா. கையெழுத்து 180 என்றாலும் 1,800 என்றாலும் நிற்காது. கோபித்துக்கொள்ளாமல் மேலே படியுங்கள்.

அந்த மனை எந்த வகையில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் விசாரியுங்கள். குடியிருப்புப் பகுதி என்று குறித்திருந்து, அதை வணிகப் பகுதியாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள் என்றால் ‘வரலாமா, கூடாதா’ என்றே வாதாடலாம். அங்கே உங்கள் கையெழுத்துகளுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் ஏற்கெனவே வணிகப் பகுதி என்றிருந்தால், ‘வரலாமா’ என்பது என்றோ தீர்ந்துபோன விஷயம். இப்போது மேசையில் இருப்பது மனை வரைபடம். ‘எப்படி வரலாம்’ என்பதைத்தான் அதில் பார்ப்பார்கள். பரிசீலிக்கிறவருக்குக் கடைக்காரரைப் பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பும் அதிகாரம் கிடையாது. அமைதி கெடும் என்று நீங்கள் எழுதினால், அவர் அனுதாபத்தோடு படித்து ஃபைலில் கோத்து வைப்பார். அதைவிட அதிகமாக அவரால் எதுவும் செய்ய முடியாது.

என் மேசைக்கு ஒருமுறை இரண்டு ஆட்சேபணைகள் ஒரே நாளில் வந்தன. ஒன்று, நானூறு கையெழுத்தோடு தடிமனான கட்டு. மற்றது ஒரே ஒரு தாள். ஒரு பெரியவர் தன் வீட்டு மதிலின் மூலையைப் படம் எடுத்து ஒட்டியிருந்தார். மதிலில் கரிக்கோடு, பக்கத்தில் ஓர் அளவு நாடா. ‘போன மழையில் தண்ணீர் இந்தக் கோடு வரை நின்றது. அப்போது பக்கத்து மனை வெறும் மண். வரைபடத்தில் அந்த மனையை 60 சென்டிமீட்டர் உயர்த்தப்போவதாகக் காட்டியிருக்கிறார்கள். இனி இந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள்.’ அவ்வளவுதான் எழுதியிருந்தார். அந்த ஒரு தாளுக்காக நான்கு மாதம் வேலை நின்றது. வடிகால் முழுவதையும் மாற்றி வரைந்தார்கள். நானூறு கையெழுத்து எந்த ஃபைலில் போயிற்று என்று எனக்கே நினைவில்லை.

நீங்களும் தண்ணீரிலிருந்தே ஆரம்பியுங்கள். கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. மனை 2,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை. மனை மேல் விழுவது ஒரு லட்சம் லிட்டர். மண்ணும் புல்லுமாக இருந்தபோது பத்தில் மூன்று பங்கு வழிந்தோடியிருக்கும் என்று கொண்டால் 30,000 லிட்டர். கூரையும் சிமென்ட் தரையும் வந்த பிறகு பத்தில் ஒன்பது பங்கு ஓடும்: 90,000 லிட்டர். நொடிக்கு 8 லிட்டராக வந்துகொண்டிருந்தது 25 லிட்டராகிவிடும். வழிந்தோடும் பங்கு, மழையின் வேகம், நிலப்பரப்பு மூன்றையும் பெருக்கும் இந்தக் கணக்கைத்தான் பொறியாளர்களும் முதல் கணக்காகப் போடுகிறார்கள். ஆக, கூடுதலாக வரும் 60,000 லிட்டரை எங்கே தேக்கப்போகிறார்கள் என்று கேளுங்கள். 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழத்தில் ஒரு தொட்டி வேண்டும். வரைபடத்தில் தேடுங்கள்.

தொட்டி இருந்தால் அதோடு விடாதீர்கள். அதன் வெளிக்குழாய் எவ்வளவு பெரியது? குழாய் பெரிதாக இருந்தால் வந்த வேகத்திலேயே தண்ணீர் வெளியே போய்விடும். தொட்டி வெறும் அலங்காரம். இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. மழைநீரைச் சேமித்துத் தோட்டத்துக்குப் பயன்படுத்தப்போகிறோம் என்று அதே தொட்டியைக் காட்டுவார்கள். சேமிக்கிற தொட்டி நிறைந்திருக்க வேண்டும். வெள்ளம் தாங்குகிற தொட்டி மழைக்கு முன் காலியாக இருக்க வேண்டும். ஒரே தொட்டி இரண்டையும் செய்வதாக வரைந்திருந்தால், சேமிப்புக்கு எவ்வளவு, வெள்ளத்துக்கு எவ்வளவு என்று மட்டக்கோடு போட்டுப் பிரித்துக் காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் காட்டியிருக்க மாட்டார்கள்.

அப்புறம் மட்டம். வரைபடத்தில் ‘±0.00’ என்று ஒரு குறி இருக்கும். அது எதற்குச் சுழி? பலர் தங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தையே சுழி என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதிலிருந்து எழுதிவிடுவார்கள். படிக்க அழகாக இருக்கும். சாலையை விட எவ்வளவு உயரம், உங்கள் முற்றத்தை விட எவ்வளவு உயரம் என்று மட்டும் தெரியாது. சாலையில் நிலையாக இருக்கும் ஏதாவது ஒரு புள்ளியோடு ஒப்பிட்டு மட்டங்களைக் காட்ட வேண்டும், மதிலுக்கு உங்கள் பக்கத்து மட்டத்தையும் காட்ட வேண்டும் என்று எழுதுங்கள்.

கடைசித் தேதிக்கு முன் நேரில் போய் வரைபடத்தைப் பாருங்கள். பார்க்கத் தரமாட்டேன் என்றால், அதையே முதல் ஆட்சேபணையாக எழுதிக் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் கட்டுகிற கட்சி. எங்கள் வரைபடம் மூன்று முறை திரும்பி வந்துவிட்டது. முதல் தடவை பார்க்கிங் போதாது என்றார்கள். சரிசெய்தோம். இரண்டாவது தடவை தீயணைப்பு வண்டிக்கு வழி இல்லை என்றார்கள். அதையும் சரிசெய்தோம். இப்போது குப்பை அறையைப் பற்றிக் குறிப்பு வந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே தடவையில் சொல்ல வாய் வராதா?

பதில்: உங்கள் எரிச்சலில் பாதி நியாயம். சில மேசைகளில் முதல் குறை கண்ணில் பட்டதும் பேனாவை மூடிவிடுவார்கள். அது சோம்பேறித்தனம், அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

மீதிப் பாதியைக் கேளுங்கள். பார்க்கிங்குக்கு இடம் பிடிக்க உங்கள் ஆர்க்கிடெக்ட் என்ன செய்திருப்பார்? பக்கவாட்டில் இருந்த வழியைக் குறுக்கியிருப்பார். அதுவரை சரியாக இருந்த தீயணைப்பு வழி அன்றுதான் கெட்டது. அதை அகலப்படுத்த, மூலையில் இருந்த குப்பை அறையைப் பின்னால் தள்ளியிருப்பார். குப்பை வண்டி இப்போது பின்னோக்கியே முழு மனையையும் கடந்து வர வேண்டும். மனை வரைபடம் ஒரு போர்வை மாதிரி. தலைப்பக்கம் இழுத்தால் கால் வெளியே வரும். மூன்றாவது குறை முதல் தடவை அங்கே இருந்திருக்காது ஐயா. பழைய தாளை எடுத்துப் பாருங்கள்.

தீயணைப்பு வழியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கேதான் எல்லாரும் பேரம் பேசுவார்கள். அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் சர்வதேசத் தீ விதித்தொகுப்பு, வழி 20 அடி அகலம் இருக்க வேண்டும் என்கிறது. அதாவது ஏறக்குறைய 6.1 மீட்டர். 150 அடிக்கு மேல் நீளும் முட்டுப்பாதையாக இருந்தால், வண்டி திரும்ப இடம் காட்ட வேண்டும். உங்கள் ஊரில் எண் வேறாக இருக்கலாம், காரணம் ஒன்றுதான். வண்டி நிற்பதற்கு மட்டும் அகலம் கேட்கவில்லை. நின்ற வண்டியின் கதவைத் திறந்து குழாயை இழுத்துக்கொண்டு ஆட்கள் இரண்டு பக்கமும் ஓட வேண்டும், இன்னொரு வண்டி தாண்டிப் போக வேண்டும். அடித்தளத்தில் பார்க்கிங் வைத்திருந்தால் இன்னொரு சிக்கல். நீங்கள் ‘வழி’ என்று காட்டுகிற இடம் உண்மையில் அடித்தளத்தின் கூரை. தண்ணீர் நிரம்பிய தீயணைப்பு வண்டியின் எடையை அந்தக் கூரை தாங்கும் என்று கட்டமைப்புப் பொறியாளர் எழுதித் தந்திருக்கிறாரா? அந்த ஒரு வரி இல்லாமல் எத்தனையோ வரைபடங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அடுத்த தடவை இப்படிச் செய்யுங்கள். தாக்கல் செய்வதற்கு முன்பே, பென்சில் கோட்டு நிலையிலேயே, எல்லாத் துறைக்காரர்களும் ஒன்றாக உட்காரும் முன்கூட்டிய ஆலோசனைக் கூட்டம் கேளுங்கள். பல நகராட்சிகளில் உண்டு, கேட்கிறவர்கள்தான் குறைவு. திருத்தித் தரும்போது, எந்தக் குறிப்புக்கு எந்தத் தாளில் என்ன மாற்றினீர்கள் என்று வரிசையாகப் பதில் கடிதம் வையுங்கள். மாற்றிய இடத்தைச் சுற்றி மேகம் மாதிரி வளைகோடு போடச் சொல்லுங்கள். மேகம் போடாமல் மாற்றிய தாளைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வரும். முதலிலிருந்து முழுவதையும் மறுபடி அளப்பேன். அதில்தான் உங்களுடைய ஒரு மாதம் போயிருக்கும்.

கேள்வி: மனை வரைபடம், கட்டட வரைபடம் இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. கட்டட வரைபடம் சுவருக்கு உள்ளே. மனை வரைபடம் சுவருக்கு வெளியே: எல்லை, விட வேண்டிய காலியிடம், வாயில், வண்டி வழி, மட்டம், வடிகால், குழாய், விளக்கு, மரம், குப்பை. இரண்டுக்கும் தனித்தனி அனுமதி கேட்கிற ஊர்களும் உண்டு, ஒரே கட்டாகப் பார்க்கிற ஊர்களும் உண்டு.

கேள்வி: சிவில் படித்துவிட்டு இப்போதுதான் ஒரு நகராட்சியில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். வரைபடத்தைக் கையில் எடுத்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? சீனியர்கள் ‘அனுபவத்தில் வரும்’ என்கிறார்கள்.

பதில்: அனுபவத்தில் வருவதற்குள் பத்துக் கட்டடம் எழும்பிவிடும் தம்பி. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எல்லாரும் நடுவில் இருக்கும் கட்டடத்தைப் பார்ப்பார்கள். ஆர்க்கிடெக்டும் கண் அங்கே போகும்படிதான் நிறம் தீட்டியிருப்பார். நான் தாளின் ஓரத்திலிருந்து ஆரம்பிப்பேன். எல்லைக்கோட்டில் விரலை வைத்து முழுச் சுற்று வருவேன். அந்தக் கோட்டை என்னென்ன கடக்கிறது? வண்டி கடக்கிறது, தண்ணீர் கடக்கிறது, சாக்கடைக் குழாய், மின்கம்பி, வெளிச்சம், சத்தம், நடந்து வருகிற மனிதர்கள். கடக்கிற ஒவ்வொன்றும் அந்தப் பக்கம் போய் எங்கே முடிகிறது என்று தாளில் தெரிய வேண்டும். ‘பொது வடிகாலில் சேரும்’ என்று ஓர் அம்புக்குறி போட்டிருப்பார்கள். அந்த வடிகாலின் அடிமட்டம் இவர்கள் குழாயின் மட்டத்தை விட உயரமாக இருந்தால்? தண்ணீருக்கு அம்புக்குறி படிக்கத் தெரியாது.

அடுத்தது வாயில். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி நொடிக்கு 14 மீட்டர் போகும். எதிரில் ஒன்றைப் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க இரண்டரை நொடி என்று சாலைப் பொறியாளர்கள் கணக்கு வைக்கிறார்கள். அதற்குள் 35 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து நிற்கும் தூரத்தையும் சேர்த்தால் சமதளச் சாலையில் 65 மீட்டர். ஆகவே வாயிலில் நிற்கிற ஓட்டுநருக்கு அவ்வளவு தூரம் சாலை தெரிய வேண்டும். அமெரிக்கச் சாலை வடிவமைப்புக் கையேடு கார் ஓட்டுநரின் கண்ணுயரத்தை 1.08 மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறது. இப்போது வரைபடத்தில் மதிலின் உயரத்தைப் பார். ஒன்றரை மீட்டர் என்று இருக்கும். மூலையில் பெயர்ப்பலகை வேறு. எல்லாமே விதிப்படிதான், ஆனால் கார்க்காரர் கண்ணை மூடிக்கொண்டு சாலையில் இறங்கப்போகிறார்.

மூன்றாவது, லாரி. என் மேஜை டிராயரில் பழைய ஃபைல் அட்டையில் வெட்டிய ஒரு லாரி இருந்தது. 1:200 அளவில் 6 சென்டிமீட்டர் நீளம், ஒன்றே கால் சென்டிமீட்டர் அகலம். அதாவது 12 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம். வரைபடத்தின் மேல் அதை வாயிலிலிருந்து தள்ளிக்கொண்டே போவேன். என்னைப் பார்த்துச் சிரிக்காத ஆர்க்கிடெக்டே கிடையாது. திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும் என்பதை அந்த அட்டையை வைத்துத்தான் பலருக்குக் காட்டினேன். அந்த வெட்டில் ஒரு நடைபாதை முனை போகும், ஒரு மரம் போகும், சில சமயம் மின்பெட்டி போகும். இப்போது கணினி ஒரே நொடியில் திருப்புத் தடத்தை வரைந்து தருகிறது. நல்லதுதான். ஆனால் எந்த லாரியை வைத்துக் கணக்கிட்டார்கள் என்று கேள். சிறிய வேனை வைத்து ஓட்டிக்காட்டிவிட்டு, சூப்பர் மார்க்கெட்டுக்கு அனுமதி கேட்பார்கள்.

கடைசியாக, தாளை மூடிவிட்டு இடத்துக்குப் போ. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. மழை பெய்தால் குடையோடு இன்னொரு முறை. வரைபடத்தில் ‘புதர்’ என்று இருக்கும் இடத்தில் ஓடை ஒன்று ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பகுதியில் வரும் வணிக வளாகத்தில் 40 கார் நிறுத்த மட்டுமே இடம் விட்டிருக்கிறார்கள். இன்னும் அதிகமாகக் கேட்டு வற்புறுத்தலாமா?

பதில்: வற்புறுத்தும் முன் அந்த 40 காருக்கு என்ன விலை கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். பணத்தைச் சொல்லவில்லை. ஒரு கார் நிற்க இரண்டரைக்கு ஐந்து மீட்டர் என்றால் 12.5 சதுர மீட்டர். அது உள்ளே வந்து திரும்பும் வழியையும் சேர்த்தால் ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர். 40 காருக்கு 1,000 முதல் 1,200. மனை 2,000 சதுர மீட்டர் என்றால் பாதியோ அதற்கு மேலோ போயிற்று. அவ்வளவும் தண்ணீர் இறங்காத தரை. முதல் கேள்வியின் அம்மா வீட்டு மதிலுக்கு அது ஓடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பார்க்கிங் எண்ணிக்கையை வேதவாக்காக நினைத்தேன். எத்தனை சதுர மீட்டருக்கு ஒரு கார் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று ஒரு மேலதிகாரியைக் கேட்டேன். பக்கத்து ஊர் விதியிலிருந்து எடுத்தோம் என்றார். பக்கத்து ஊர்க்காரரைக் கேட்டால், உங்கள் ஊரிலிருந்துதான் எடுத்தோம் என்றார்! கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பேராசிரியராக இருந்த டொனால்ட் ஷூப் இந்த விஷயத்தை ஆயுள் முழுக்கக் குடைந்தவர். குறைந்தபட்சப் பார்க்கிங் எண்களுக்குப் பின்னால் உருப்படியான அடிப்படை இல்லை என்றும், அதனால் ஊரே கார் நிறுத்துமிடமாகப் பரந்துபோகிறது என்றும் சொன்னார். 2017-ல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரம் குறைந்தபட்சப் பார்க்கிங் என்ற விதியையே ஊர் முழுவதும் எடுத்துவிட்டது. 2023-ல் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் அதைச் செய்தது.

அதற்காகப் பார்க்கிங்கே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பஸ், ரயில் இல்லாத இடத்தில் எண்ணைக் குறைத்தால் கார்கள் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும். நான் எண்ணிக்கையை விட வேறு இரண்டைக் கவனிப்பேன். ஒன்று, யார் எப்போது வருகிறார்கள்? அலுவலகத்துக்கு வருகிற கார் பகலில் நிற்கும், உணவகத்துக்கு வருவது இரவில். ஒரே இடத்தை இரண்டு பேரும் பயன்படுத்தலாம். தனித்தனியாகக் கேட்டால் பாதி நேரம் பாதி இடம் சும்மா கிடக்கும். மற்றது, சீட்டுக் கொடுக்கும் தடுப்புக் கம்பம் எங்கே இருக்கிறது? அதை வாயிலிலேயே வைத்துவிட்டால், 400 கார் நிறுத்த இடம் இருந்தாலும் வரிசை சாலையில்தான் நிற்கும். உள்ளே 18 மீட்டர் தள்ளி வைத்தால் மூன்று கார் உள்ளே காத்திருக்கலாம். உங்கள் ஆட்சேபணையில் கேட்க வேண்டியது இந்த 18 மீட்டரை.

கேள்வி: வரைபடத்தில் பச்சை வட்டங்களாக நிறைய மரம் காட்டியிருக்கிறார்கள். நம்பலாமா?

பதில்: வட்டத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அடித்தளக் கூரை இருந்தால், அதன் மேல் எத்தனை ஆழம் மண் என்று கேளுங்கள். 15 சென்டிமீட்டர் மண்ணில் புல் வளரும். மரம் வரைபடத்தில் மட்டும் வளரும். கழிவுநீர்த் தொட்டியின் நடு மூடியிலேயே மரம் வரைந்த ஒரு தாளை நான் வெகு நாள் பத்திரமாக வைத்திருந்தேன்.

கேள்வி: பக்கத்து வளாகத்தின் விளக்கு ராத்திரி முழுக்க எங்கள் படுக்கையறைக்குள் அடிக்கிறது. இதையெல்லாம் அனுமதி தரும்போதே பார்க்க மாட்டார்களா?

பதில்: பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். எல்லைக்கோட்டில் எத்தனை லக்ஸ் வெளிச்சம் விழும் என்று கட்டம் கட்டமாக எண் போட்ட விளக்கு வரைபடம் கேட்கலாம். வெளிச்சம் கீழ்நோக்கி மட்டும் விழும்படி மூடிய விளக்கா என்றும் பார்க்கலாம். கட்டி முடிந்தபின் எண்ணிக்கையைக் குறைக்க வைப்பது கடினம். ஆனால் விளக்கின் முகத்தைக் கீழே திருப்பி, உங்கள் பக்கம் ஒரு தகடு மறைப்பு வைக்க ஓர் ஏணியும் அரை மணி நேரமும் போதும். முதலில் அதை நேரில் போய்க் கேட்டுப் பாருங்கள். வழக்கு அப்புறம்.

கேள்வி: சொந்த நிலத்தில் ஒருவர் கட்டுவதில் அரசு ஏன் தலையிட வேண்டும்? இந்தப் பழக்கத்தை யார் ஆரம்பித்தது?

பதில்: நியூயார்க்கில் 1915-ல் ஈக்விடபிள் கட்டடம் என்று ஒன்று கட்டி முடித்தார்கள். நடைபாதை ஓரத்திலிருந்து பின்வாங்காமல் நேராக மேலே போன கட்டடம். பக்கத்துக் கட்டடங்கள் அதன் நிழலில் மூழ்கின. அடுத்த வருஷமே, 1916-ல், அந்த நகரம் கட்டடத்தின் உயரத்துக்கும் பயன்பாட்டுக்கும் ஊர் தழுவிய விதி போட்டது. அந்த ஒரு கட்டடம் மட்டுமே காரணம் இல்லை. ஆனால் விதி வேண்டும் என்றவர்கள் கைகாட்ட அது வசதியாக நின்றது. மேலே போகப் போகப் படிப்படியாகப் பின்வாங்கும் அந்தக் கால நியூயார்க் கோபுரங்கள், ரசனையால் அல்ல, அந்த விதியால் வந்த உருவம். அதற்குப் பிறகு, ஓஹாயோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற ஊர் போட்ட விதியை எதிர்த்து ஒரு நில நிறுவனம் வழக்குப் போட்டது. 1926-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கம் தீர்ப்பளித்தது.

நிலம் உங்களுடையதுதான். அதன் நிழல் விழுகிற இடம் உங்களுடையது இல்லையே.

கேள்வி: நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் எல்லாம் தாளிலேயே சரியாகிவிடும் போலிருக்கிறது. அனுமதி வாங்குவது ஒன்று, கட்டுவது வேறொன்று. அதிகாரிகள் கையெழுத்துப் போட்டதோடு சரி. இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

பதில்: கடிதத்தின் மீதிப் பகுதியை ஆசிரியர் வெட்டிவிட்டார், நான் முழுசாகப் படித்தேன். பெரும்பாலும் உண்மை.

கட்டுவது மாறிப்போவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, எங்கள் நிபந்தனைகளே மழுப்பலாக இருப்பது. ‘மழைநீர் வெளியேறப் போதிய ஏற்பாடு செய்ய வேண்டும்’ என்று எழுதினால், போதியது எது என்று யார் சொல்வது? ‘60,000 லிட்டர் தொட்டி, வெளிக்குழாய் இத்தனை மில்லிமீட்டர், தாள் எண் இது’ என்று எழுதினால் அளந்து பார்க்கலாம். அளக்க முடியாத நிபந்தனை, நிபந்தனையே இல்லை. அடுத்து, எப்போது என்பது. எல்லாவற்றையும் கட்டி முடித்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்றால், மண்ணுக்குள் போன குழாயை யார் தோண்டிப் பார்ப்பார்கள்? மண் மூடும் முன் வடிகாலைக் காட்ட வேண்டும், தரைத்தளத் தூண் எழும் முன் மட்டத்தைச் சர்வேயர் அளந்து கையெழுத்திட வேண்டும், கட்டி முடித்ததை உள்ளபடியே வரைந்த படம் வராமல் கட்டடத்தில் குடிபுகச் சான்று கிடையாது என்று கட்டம் கட்டமாக முடிச்சுப் போட வேண்டும். இதைச் செய்த ஃபைல்களில் எனக்குப் பிற்பாடு தூக்கம் கெட்டதில்லை.

தூக்கம் கெட்ட ஃபைல் ஒன்று உண்டு. நான் வேலைக்கு வந்து ஆறாவது வருஷம். ஒரு வணிகக் கட்டடம். காலியிடம், பார்க்கிங், வடிகால், தீ வழி என்று ஒரு குறை கிடையாது. நானே மெச்சிக் கையெழுத்துப் போட்டேன். வரைபடம் சாலையின் நடுக்கோட்டோடு முடிந்திருந்தது. அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் வரைவார்கள். எதிர்ப்பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கத் தோன்றவில்லை. இடத்துக்கும் போனேன், ஒரு விடுமுறை நாளில். எதிரே பூட்டியிருந்த கேட் ஒன்றைப் பார்த்தேன். அது ஒரு பள்ளிக்கூடத்தின் பிரதான வாயில் என்று கட்டடம் திறந்து முதல் திங்கட்கிழமைதான் எனக்குத் தெரிந்தது.

யாரும் செத்துப்போகவில்லை. இரண்டு பிள்ளைகளுக்குக் கையும் காலும் முறிந்தன. அதற்குப் பிறகு எல்லைக்கு வெளியே சுற்றிலும் 30 மீட்டர் காட்டாத எந்தத் தாளையும் நான் கையில் வாங்கவில்லை. கட்டடத்தின் வாயிலை இடம் மாற்றச் சொல்ல எனக்கு வழியில்லை. நான்தான் அனுமதித்திருந்தேன், அவர்கள் தாளில் உள்ளபடியே கட்டியிருந்தார்கள். இன்றும் காலை எட்டரை மணிக்கு அங்கே ஒருவர் கழுத்தில் விசிலோடு, கையில் சிவப்புத் துணி சுற்றிய குச்சியோடு நிற்கிறார்.